பட்டறை பதில்கள்: ஐடிலிங்கில் நிற்கப் பழகிய ரேஸ் இன்ஜின்

சென்ற இதழில் மெர்சிடிஸ்-ஏஎம்ஜி ஒன் காரின் படத்தைப் போட்டு, அதன் இன்ஜின் ஃபார்முலா ஒன் பந்தயக் காரிலிருந்து வந்தது என்று இரண்டு வரி எழுதியிருந்தேன். அதற்குப் பிறகு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அந்தக் காரைப் பற்றித்தான். நாமக்கல்லில் லாரி டர்போ வேலை பார்க்கிறவன் என்பதால், அந்தக் காரில் என் கண் முதலில் போகும் இடங்கள் இரண்டு: இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ, வண்டி நிற்கும்போது இன்ஜின் அணையாமல் மெதுவாக ஓடும் ஐடிலிங். அந்தக் கேள்விகளுக்கு விரிவாகவே பதில் சொல்கிறேன். மற்றவற்றுக்குத் தேவையான அளவு.

*

"அண்ணா, எங்க வீட்டு காரும் 1.6 லிட்டர் இன்ஜின்தான். 120 குதிரைத்திறன் தருது. அதே அளவு இன்ஜின் ஆயிரத்தைத் தாண்டுதுன்னா நம்ப முடியலையே?"
– பாலிடெக்னிக் மாணவர், சேலம்

ஆயிரத்தைத் தாண்டுவது இன்ஜின் மட்டும் அல்ல, தம்பி. காரின் மொத்தத் திறன் 782 கிலோவாட், அதாவது 1,063 குதிரைத்திறன். அதைப் பிரித்துப் பார். பின்பக்கம் இருக்கும் வி6 பெட்ரோல் இன்ஜின் 422 கிலோவாட். பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் ஷாஃப்ட்டோடு பல்சக்கரத்தால் இணைத்த மின்மோட்டார் 120. முன்சக்கரம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக 120 கிலோவாட் மோட்டார். நான்கையும் கூட்டினால் கணக்கு சரியாக வந்துவிடும்.

ஆனாலும் உன் சந்தேகம் நியாயமானது. இன்ஜின் மட்டுமே 574 குதிரைத்திறன் தருகிறது. உன் வீட்டுக் காரைப் போல ஏறத்தாழ ஐந்து மடங்கு. இது இன்ஜின் சுழலும் வேகத்திலிருந்தும், டர்போ அழுத்தித் தரும் காற்றிலிருந்தும் வருகிறது. உன் வீட்டு இன்ஜின் நிமிடத்துக்கு ஆறாயிரத்துச் சொச்சம் சுற்றோடு நின்றுவிடும். இது 11,000 வரை போகும். அந்த வேகத்தில் எஃகு ஸ்பிரிங் வால்வைச் சரியான நேரத்துக்கு மூடாது. வால்வு மிதக்க ஆரம்பித்துவிடும், பிஸ்டன் வந்து அடித்தால் இன்ஜின் போச்சு. அதனால் ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு, அழுத்திய காற்றையே ஸ்பிரிங்காக வைத்திருக்கிறார்கள். வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட்டை ஓட்டுவதும் பெல்ட்டோ செயினோ அல்ல, முழுக்கப் பல்சக்கரங்கள்.

ஃபார்முலா ஒன்றில் இந்த வகை இன்ஜினுக்கு 2014 முதல் 15,000 சுற்று வரை அனுமதி இருந்தது. யாரும் அதுவரை போகவில்லை. மணிக்கு 100 கிலோ பெட்ரோலுக்கு மேல் இன்ஜினுக்குள் போகக்கூடாது என்று விதி. 10,500 சுற்றிலேயே அந்த அளவு வந்துவிடும். அதற்கு மேல் சுற்றினால் உராய்வுதான் கூடும். ஆக, சாலைக்கு வந்த இந்த இன்ஜின் பந்தயத்தில் ஓடிய சுற்றுக்குப் பக்கத்திலேயே ஓடுகிறது. பெயருக்கு ஃபார்முலா ஒன் என்று ஒட்டிய இன்ஜின் அல்ல இது.

*

"சேலத்துல இருந்து தர்மபுரி போறப்ப தொப்பூர் மேட்டுல, கியர் மாத்தினதும் டர்போ ஏர் பிடிக்க நேரமாகுதுங்க. வண்டி அதுக்குள்ள முக்குது. அந்தக் காருல டர்போவுக்கே மோட்டார் வெச்சிருக்காங்களாமே. லாரிக்கு வருமாங்க?"
– லாரி உரிமையாளர், சங்ககிரி

உங்கள் லாரியில் டர்போவைச் சுழற்றுவது இன்ஜினிலிருந்து வரும் புகை மட்டும்தான். ஆக்சிலேட்டரை விட்டதும் புகை குறையும், டர்போ தளரும். மறுபடி மிதித்தால் புகை பெருகி, டர்போவின் சக்கரம் வேகம் பிடித்து, அதன் பிறகுதான் காற்று வரும். நீங்கள் சொல்லும் 'முக்கல்' அந்த இடைவெளிதான்.

ஏஎம்ஜி ஒன்னில் டர்போவின் இரண்டு சக்கரங்களையும் பிரித்துவிட்டார்கள். புகை அடிக்கும் டர்பைன் எக்ஸாஸ்ட் பக்கம், காற்றை அழுத்தும் கம்ப்ரஸர் காற்று உள்ளே போகும் பக்கம். இரண்டையும் ஒரு ஷாஃப்ட் இணைக்கிறது. அந்த ஷாஃப்ட்டிலேயே ஏறத்தாழ 90 கிலோவாட் மின்மோட்டார். ஆக்சிலேட்டரில் கால் வைத்ததும் புகைக்குக் காத்திராமல் மோட்டார் ஷாஃப்ட்டைச் சுற்றிவிடும், நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்று வரை. இன்ஜின் முழு வேகத்தில் போகும்போது புகையில் சக்தி மிஞ்சும் அல்லவா, அப்போது அதே மோட்டார் ஜெனரேட்டராக மாறி பேட்டரிக்குக் கரண்ட் கொடுக்கும். நம் வண்டிகளில் வேஸ்ட்கேட் என்ற திறப்பு வழியாக வெளியே விடுகிற சக்தியை இவர்கள் பேட்டரியில் சேர்க்கிறார்கள்.

இதைப் படத்தில் பார்த்தால் எளிதாகத் தெரியும். வேலை பார்க்கிறவனுக்கு இது எவ்வளவு கடினம் என்று சொல்கிறேன். பட்டறைக்கு ஒரு டர்போ வந்தால் முதல் வேலையாக ஷாஃப்ட் நுனியை இரண்டு விரலால் பிடித்து ஆட்டிப் பார்ப்பேன். பக்கவாட்டில் லேசாக ஆடினால் தவறில்லை. ஆயில் ஏறியதும் ஷாஃப்ட் அந்த ஆயில் படலத்தில் மிதந்துகொள்ளும், அதற்காக விட்ட இடம்தான் அது. முன்னும் பின்னும் ஆட்டம் தெரிந்தால், ஷாஃப்ட்டை அப்படி நகராமல் தாங்கும் திரஸ்ட் பேரிங் தேய்ந்துவிட்டது. அப்படி வந்த டர்போவில் கம்ப்ரஸர் ஹவுசிங்கின் உள்சுவரை விரலால் தடவினால், வீல் உரசிய கோடு வளையமாகத் தட்டுப்படும். சாதாரண ஷாஃப்ட்டுக்கே இந்தப் பாடு. இவர்கள் ஷாஃப்ட்டின் நடுவில் காந்தத்தோடு கூடிய ரோட்டாரை ஏற்றியிருக்கிறார்கள். ஒரு லட்சம் சுற்றில் அந்தக் காந்தத்தை வெளியே பிய்த்து எறியும் விசையை நினைத்துப் பாருங்கள். ஒரு முனையில் புகை ஆயிரம் டிகிரியை நெருங்குகிறது. சூடு ஏறினால் காந்தம் வலுவிழக்கும். இத்தனையையும் சமாளித்து, அது வாரக்கடைசியில் ஒரு பந்தயம் ஓடினால் போதாது, சாலையில் வருடக்கணக்கில் ஓட வேண்டும். எனக்கு இந்தக் காரில் மிகப் பெரிய மரியாதை அந்த ஒரு ஷாஃப்ட்டின் மேல்தான்.

லாரிக்கு வருமா என்றீர்கள். இதே அமைப்பு இப்போதைக்கு வராது, விலை தாங்காது. சிறிய அளவில் மின்டர்போ கார்களுக்கு வந்துவிட்டது. மெர்சிடிஸின் சி43, போர்ஷேயின் 911 ஜிடிஎஸ் இரண்டிலும் இருக்கிறது. லாரியில் வேறு வழி ஒன்று முன்பே உண்டு. டர்போவைத் தாண்டி வரும் புகையில் இன்னொரு டர்பைனை வைத்து, அதன் சக்தியைப் பல்சக்கரம் வழியாக கிராங்க் ஷாஃப்ட்டுக்கே திருப்பிக் கொடுப்பது. ஸ்கேனியாவும் வோல்வோவும் ஐரோப்பாவில் அப்படி இன்ஜின் செய்து ஓட்டின. உங்கள் தொப்பூர் மேட்டுக்கு நான் சொல்வது: முதலில் டர்போ காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் ஹோஸில் வெடிப்பு இருக்கிறதா, கிளிப் தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். நிறைய வண்டிகளில் டர்போ நன்றாகவே இருக்கும், காற்று வழியில் கசிந்துகொண்டிருக்கும்.

*

"2017ல காட்டின கார் 2023லதான் முதல் ஆளுக்குக் கிடைச்சதாம். எட்டு வருஷம் தொடர்ந்து ஃபார்முலா ஒன் டீம் பட்டம் வாங்கின கம்பெனிக்கு, இருக்கிற இன்ஜினை ஒரு காருல வைக்க எதுக்குங்க இத்தனை காலம்?"
– ஓய்வு பெற்ற பேருந்துப் பணிமனை ஊழியர், கரூர்

வேகமாக ஓட வைக்க அவர்களுக்குத் தெரியும். நிற்க வைக்கத்தான் அத்தனை காலம்.

பணிமனையில் இருந்தவர் நீங்கள், உங்களுக்கு உடனே புரியும். ஃபார்முலா ஒன் இன்ஜினின் ஐடிலிங் ஏறத்தாழ 5,000 சுற்று. அதற்குக் கீழே அதற்கு உயிர் இல்லை. சாலைக் காருக்கு அதை 1,200 வாக்கில் கொண்டுவர வேண்டும், அதுவும் புகைச் சோதனையில் தேறுகிற மாதிரி.

ஏன் கடினம்? பெருங்காற்று உள்ளே பாய வேண்டும் என்று கணக்குப் பார்த்து அமைத்த வழி அது. சுற்று குறைந்ததும் அந்த அகன்ற வழியில் காற்று மந்தமாகிவிடும். பெட்ரோல் சரியாகக் கலக்காது. பழைய புகையில் கொஞ்சம் சிலிண்டருக்குள்ளேயே தங்கிவிடும். ஒரு சிலிண்டர் நன்றாக எரிக்கும், அடுத்தது தவறவிடும். நம் வண்டிகளில் இப்படித் தவறினாலும் ஃப்ளைவீல் என்ற கனமான சக்கரம் அடுத்த எரிப்பு வரை இழுத்துக்கொண்டு போய்விடும். பந்தய இன்ஜினில் கிராங்க், கிளட்ச் எல்லாமே இயன்றவரை எடை குறைத்தவை. தாங்கிப் பிடிக்க எதுவும் இல்லை. சுற்று ஏறும், இறங்கும், ஏறும், பட்டென்று அணைந்துவிடும்.

எரியாமல் தவறிய ஒவ்வொரு முறையும் பச்சைப் பெட்ரோல் சைலன்சருக்குப் போகிறது. பந்தயத்தில் அதைக் கேட்க ஆள் இல்லை. சாலையில் சட்டம் கேட்கும். இந்தக் காரை ஃபிராங்க்ஃபர்ட் கண்காட்சியில் காட்டியது 2017 செப்டம்பர். புதிய மாடல்களுக்கு ஐரோப்பாவில் கடுமையான புகைச் சோதனை நடைமுறைக்கு வந்ததும் அதே மாதம்தான். இலக்கு அப்போதே உயர்ந்துவிட்டது.

அவர்கள் கண்ட வழியைப் பாருங்கள். காரை ஸ்டார்ட் செய்தால் முதலில் இன்ஜினே ஓடாது. மின்சாரத்தில் கிளம்பும். அந்த நேரத்தில் புகை சுத்திகரிக்கும் கேட்டலிஸ்ட்டுகளை மின்சாரத்தால் சூடேற்றுகிறார்கள். கல் காயாமல் மாவை ஊற்றினால் தோசை ஒட்டிக்கொள்ளும் அல்லவா, கேட்டலிஸ்ட்டும் சூடேறாமல் வேலை செய்யாது. சூடு வந்த பிறகுதான் இன்ஜினை ஓட விடுகிறார்கள். மின்சாரத்தில் மட்டும் 18 கிலோமீட்டர் போகும். பெயருக்கு வைத்த பேட்டரி என்று சிலர் நினைக்கலாம். இந்த இன்ஜின் சட்டப்படி சாலைக்கு வர முடிந்ததே அந்தப் பேட்டரியால்தான். புகைவழியில் சூடேற்றும் கேட்டலிஸ்ட்டுகள் நான்கு, பீங்கான் கேட்டலிஸ்ட்டுகள் இரண்டு, பெட்ரோல் கரித்துகளைப் பிடிக்கும் ஃபில்டர்கள் இரண்டு. இத்தனையைப் புகைவழியில் அடைத்தால் இன்ஜினுக்கு மூச்சு முட்டும். முட்டாமல் 574 குதிரைத்திறனைக் காப்பாற்றியிருக்கிறார்கள்.

இன்னொன்றும் உண்டு. பந்தய இன்ஜினை குளிர்ந்த நிலையில் சாவி போட்டுக் கிளப்ப முடியாது. உள்ளே இடைவெளி அவ்வளவு நெருக்கம். வெளியிலிருந்து சூடான தண்ணீரையும் ஆயிலையும் செலுத்தி, கம்ப்யூட்டரோடு நான்கு பேர் நின்று கிளப்புவார்கள். அதே குடும்பத்து இன்ஜினை ஒருவர் காலையில் தனியாக வந்து, பட்டனை அழுத்தி எடுத்துப் போகலாம் என்று ஆக்கியிருக்கிறார்கள். வேகத்தைப் பற்றி எழுதுபவர்கள் எழுதட்டும். என்னைக் கேட்டால் இந்தக் காரின் சாதனை சிக்னலில் அமைதியாக நிற்பதுதான்.

*

"50,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை இன்ஜினை இறக்கிப் பிரிக்கணுமாமே. இவ்வளவு விலைக்கு இதுதானா ஆயுள்?"
– டிராவல்ஸ் நடத்துபவர், திருச்செங்கோடு

2017இல் கம்பெனித் தரப்பிலிருந்தே வந்த கணக்கு அது. நம் லாரி இன்ஜின் பிரிக்காமல் பல லட்சம் கிலோமீட்டர் ஓடுகிறது, அதோடு பார்த்தால் குறைவாகத்தான் தெரியும். ஆனால் இதன் பிறந்த வீட்டைப் பாருங்கள். 2025 பருவத்தில் 24 பந்தயங்களுக்கு ஓர் ஓட்டுநருக்கு நான்கு இன்ஜின்தான் அனுமதி. ஓர் இன்ஜின் ஆறு பந்தய வாரங்கள் தாங்க வேண்டியிருந்தது. பயிற்சி ஓட்டம், தகுதிச் சுற்று எல்லாம் சேர்த்தாலும் சில ஆயிரம் கிலோமீட்டரோடு அதன் வேலை முடிந்துவிடும். அதைப் பத்து மடங்குக்கு நீட்டியிருக்கிறார்கள். பல்சக்கரத்தில் ஓடும் கேம், காற்று ஸ்பிரிங், 11,000 சுற்று, இவை எல்லாம் உள்ள இன்ஜினுக்கு அது நல்ல ஆயுள் என்றே சொல்வேன்.

*

"இந்தியாவுக்கு வருமா? என்ன விலை ஆகும்?"
– திருப்பூர் வாசகர்

செய்ததே 275 கார்கள். வரிக்கு முன் விலை 22 லட்சத்து 75 ஆயிரம் யூரோ, நம் பணத்தில் இருபது கோடியைத் தாண்டும். எல்லாம் எப்போதோ விற்றுத் தீர்ந்துவிட்டன. ஸ்டியரிங் இடப்பக்கம் மட்டும். நம் இறக்குமதி விதிப்படி புதிய காருக்கு வலப்பக்க ஸ்டியரிங் வேண்டும். வந்தாலும் வரியே காரின் விலையைத் தாண்டிவிடும். அமெரிக்காவிலேயே இதை விற்கவில்லை.

*

"ஜெர்மனி நூர்பர்க்ரிங் டிராக்கில் இதுதான் வேகமான சாலைக் கார் என்கிறார்களே, உண்மையா? மணிக்கு 352 கிலோமீட்டர்தானே, புகாட்டி இன்னும் வேகம் அல்லவா?"
– வங்கி ஊழியர், ஈரோடு

நேர்கோட்டில் புகாட்டி வேகம், ஒப்புக்கொள்கிறேன். நூர்பர்க்ரிங் நேர்கோடு அல்ல. 20.832 கிலோமீட்டர், மேடு பள்ளம், எழுபதுக்கும் மேற்பட்ட வளைவுகள். 2022 அக்டோபரில் பந்தய ஓட்டுநர் மாரோ எங்கல் இந்தக் காரை ஓட்டி 6 நிமிடம் 35.183 வினாடியில் முடித்தார். அன்று டிராக்கில் சில இடங்கள் ஈரம் காயவில்லை. 2024 செப்டம்பரில் அவரே மறுபடி வந்து 6 நிமிடம் 29.090 வினாடி. சராசரி மணிக்கு 192 கிலோமீட்டரைத் தாண்டுகிறது. சாலையில் ஓட்ட அனுமதி பெற்ற கார் ஒன்று ஆறரை நிமிடத்துக்குள் வந்தது அதுவே முதல் முறை.

அதில் எனக்குப் பிடித்தது மின்சாரக் கணக்கு. பேட்டரி 8.4 கிலோவாட்-மணி. சக்கரங்களை ஓட்டும் மூன்று மோட்டார்களும் சேர்ந்து 360 கிலோவாட் இழுத்தால், கழிவு எதுவும் பார்க்காமலே 84 வினாடியில் பேட்டரி காலி. ஒரு சுற்றோ 389 வினாடி. மீதி நேரத்துக்கு எங்கே போவது? பிரேக் பிடிக்கும்போது திரும்ப எடுக்க வேண்டும், டர்போ ஷாஃப்ட்டிலிருந்து எடுக்க வேண்டும், எந்த வளைவை விட்டு வெளியே வரும்போது செலவழிப்பது, எங்கே மிச்சம் பிடிப்பது என்று ஓட்டுநர் கணக்கு வைத்திருக்க வேண்டும். பந்தயத்தில் அந்த டீம் கற்ற பாடம் முழுவதும் இங்கே வேலைக்கு வந்திருக்கிறது. வெறும் குதிரைத்திறனால் வந்த நேரம் அல்ல.

*

"ஆஸ்டன் மார்ட்டின் வால்கிரியா, ஏஎம்ஜி ஒன்னா? நீங்கள் எந்தப் பக்கம்?"
– யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு வாசகர்

வால்கிரியின் உடலமைப்பு, ஃபார்முலா ஒன் கார் வடிவமைப்பாளர் ஏட்ரியன் நியூவியின் கைவண்ணம். காருக்கு அடியில் காற்று போக அவர் விட்டிருக்கும் வழிகளைப் பார்த்தால், காரின் பாதி இடம் காற்றுக்குத்தான். இன்ஜின் காஸ்வொர்த் என்ற இன்ஜின் கம்பெனி செய்த 6.5 லிட்டர் வி12, டர்போவே இல்லாமல் 11,100 சுற்று வரை போகும். காதுக்கு அதுதான் விருந்து. சந்தேகமே இல்லை.

ஆனால் அந்த இன்ஜின் சாலைக் காருக்கென்றே புதிதாகச் செய்தது. ஏஎம்ஜி ஒன்னில் இருப்பது பந்தயத்தில் ஓடிய குடும்பம். பெராரி 1995இல் எஃப்50 செய்தபோதும் தன் ஃபார்முலா ஒன் வி12 இன்ஜினை அடிப்படையாக எடுத்தது. ஆனால் அதை 3.5 லிட்டரிலிருந்து 4.7 லிட்டராகப் பெரிதாக்கி, சுற்றைக் குறைத்துத்தான் சாலைக்கு விட்டது. இவர்கள் 1.6 லிட்டரை 1.6 லிட்டராகவே வைத்தார்கள். மின்டர்போவையும் விட்டுக்கொடுக்கவில்லை. ஃபார்முலா ஒன்னே 2026 விதியில் அந்த மின்டர்போவைக் கைவிட்டுவிட்டது. இனி ஃபார்முலா ஒன்னில் ஓடிய அதே அமைப்பு சாலையில் வேலை செய்வதைப் பார்க்க வேண்டுமானால் இந்த 275 கார்களிடம்தான் போக வேண்டும். நான் ஏஎம்ஜி பக்கம்.

*

"அண்ணா, டிப்ளமோ மெக்கானிக்கல் ரெண்டாம் வருஷம் படிக்கிறேன். ரேஸ் இன்ஜின் வேலைக்குப் போகணும்னு ஆசை. வீட்டுல பொண்ணுக்கு எதுக்கு பட்டறை வேலைங்கிறாங்க. எங்க ஆரம்பிக்கிறது?"
– மாணவி, ராசிபுரம்

அம்மணி, வீட்டில் ஒன்றை மட்டும் எடுத்துச் சொல். இந்த இன்ஜின் இங்கிலாந்தில் பிரிக்ஸ்வொர்த் என்ற ஊரில் செய்யப்பட்டது. அங்கே வேலை என்பது அளப்பது, பதிவு செய்வது, கணக்குப் பார்ப்பது, மறுபடி அளப்பது. உடல் பலம் குறைந்தால் செய்ய முடியாத வேலை அதில் கொஞ்சம்தான். பொறுமை குறைந்தால் எதுவுமே செய்ய முடியாது.

டிப்ளமோ முடித்து டிகிரியில் சேரும்போது, ஃபார்முலா பாரத் போட்டிக்கு அணி அனுப்பும் கல்லூரியாகப் பார்த்துச் சேர். மாணவர்களே சிறிய பந்தயக் காரை வடிவமைத்துச் செய்து கோவை செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஓட்டுவார்கள். மின்சாரக் காருக்கும் தனிப் பிரிவு உண்டு. கார் ஓடினால் மட்டும் போதாது. ஏன் இந்த அளவு, ஏன் இந்த உலோகம் என்று நடுவர்கள் குடைந்து குடைந்து கேட்பார்கள். அந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லிப் பழகியவர்களைத்தான் பெரிய கம்பெனிகள் தேடுகின்றன.

அதுவரை சும்மா இருக்க வேண்டாம். பட்டறையில் கழித்துக்கட்டிய டர்போக்கள் குவிந்து கிடக்கின்றன. சனிக்கிழமை மதியத்துக்கு மேல் வேலை குறைவாக இருக்கும், அப்பாவையோ அம்மாவையோ கூட்டிக்கொண்டு வா. ஒன்றைப் பிரித்து ஷாஃப்ட் ஆட்டத்தை, நுண்ணிய அசைவை அளக்கும் டயல் கேஜ் வைத்து நீயே அளந்து பார். கேஜ் நான் தருகிறேன். நோட்டும் பேனாவும் நீ கொண்டு வா, ஆயில் கறை பட்டால் பரவாயில்லை என்கிற சட்டையாகப் போட்டுக்கொண்டு வா.